காணாமற்போன க்ஷ

திருமலைசாமி பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொண்டிருக்கிறார். பின்பக்கம் அச்சாகாத அட்டைதான் அவருக்கு வேண்டும். ஒன்றை நான்காக்கி, ஒரு துண்டுக்கு ஒரு வடமொழிச் சொல். அதையும் தமிழ் எழுத்தில்தான் எழுதுவார். கை நடுக்கத்தில் கத்தரிக்கோல் கோணிப் போகும். நான் வாங்கப் போனால், "உடுங்க அம்மணி, கை இருக்கற வரைக்கும் வெட்டிப்போட்டுப் போறேன்" என்பார்.

வயது எண்பத்து மூன்று. கல்லூரியில் வடமொழி நடத்தியவர். முப்பத்தொரு வருடமாகத் தனியாளாக ஒரு வடமொழி–தமிழ் அகராதி தொகுக்கிறார். சீட்டுகள் நூல் மில் பெட்டிகளில் இருக்கின்றன. எதைத் திருப்பினாலும் பாதி மாப்பிள்ளை, பாதி பொள்ளாச்சி மண்டபம். அவரைக் குளிக்க வைத்து, மாத்திரை கொடுத்து, முற்றத்தில் நாலு சுற்று நடத்துவது என் வேலை.

நடக்கும்போதும் அதே பேச்சு. "அந்தக் காலத்து அகராதியெல்லாம் பாட்டுங்க. மனப்பாடம் பண்ணோணும். அப்புறம் ஜெர்மன்காரங்க ரெண்டு பேரு இருபத்திமூணு வருசத்துல ஒண்ணை முடிச்சுப்போட்டாங்க. புனாவுல எழுபது வருசத்துக்கு மேல எழுதறாங்க, இன்னும் 'அ'வே தாண்டலீங்க."

"நீங்க எங்க நிக்கறீங்க?"

"கடைசி எழுத்துங்க, 'ஹ'. காலுதான் அதுக்கு முன்னாடி முடிஞ்சுபோடுமாட்ட இருக்குது."

சென்ற மாதம் அடுப்பில் பாலை வைத்து மறந்துவிட்டார். பெங்களூரிலிருக்கும் மகள் பிரத்யுஷா போனில் சொன்னாள்: "இன்னொரு தடவ மறந்தாருன்னா இங்க கூட்டிட்டு வந்துருவேனுங்க ஆன்ட்டி. அத்தன பெட்டிக்கு இங்க எடமில்லீங்க." ஸ்பீக்கரில் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை 'க' பெட்டியில் ஏதோ தேடினார். 'க்ஷ'வில் தொடங்கும் சீட்டு ஒன்றுகூட இல்லை. மூன்று முறை புரட்டினார். சோறு வேண்டாம் என்றார்.

"எழுதிட்டேன்னு நெனச்சுட்டே இருந்திருக்கறேனுங்க. எழுதவே இல்ல. பிரத்யுஷாவுக்குப் போன் போடுங்க. போதுமுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின வாரம் பெருக்கும்போது அந்தப் பெட்டியைச் சாய்த்துவிட்டேன். பொறுக்கி அடுக்கியவளும் நான்தான், பள்ளிக்கூடத்து வரிசைப்படி: ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ. 'ஹ' பெட்டியின் கடைசியில் இருந்த இரண்டு கட்டுகளை உருவி அவர் மடியில் வைத்தேன்.

"அங்க எதுக்குங்க வெச்சீங்க? அது தனி எழுத்தே இல்லீங்களே. 'க'வும் 'ஷ'வும் சேர்ந்தது. 'க'வுக்குள்ளதான் வரோணும்."

"எங்க வாத்தியாரு கடைசியிலதானுங்க சொல்லிக்குடுத்தாரு."

கட்டுகளைத் தடவிக்கொண்டே இருந்தார். "அப்ப நான் மறக்கலீங்களா?"

"இதை மறக்கலீங்க. பாலை மறந்தது நீங்கதான். சாப்புடுங்க."

ரசஞ்சோறு இரண்டு கவளம் இறங்கியது.

மறுநாள் காலை நான் போனபோது, மாத்திரைக்கு முன்னாலேயே ஒரு துண்டு வெட்டி வைத்திருந்தார். ஓரம் கோணல். நடுங்கும் எழுத்தில் ஒரே வரி: 'க்ஷ – க-வில் பார்க்க.' 'ஹ' பெட்டியை இழுத்து, முந்தின நாள் நான் கட்டுகளை உருவிய அதே இடத்தில் அதைச் செருகினார்.