தறி நின்ற மதியம்

எங்கள் கருமத்தம்பட்டியில் தறிச் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வரும், நின்றால் விழித்துக்கொள்வோம். வீட்டுச் சுவரை ஒட்டியே எங்கள் விசைத்தறிக்கூடம். நூறு கிலோவைத் தாண்டிய உடம்போடு நான் விடும் குறட்டை, அந்தத் தடதடப்பில் யார் காதிலும் விழுந்ததில்லை. பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவேன். எல்லாம் எனக்கிருந்த சர்க்கரை வியாதியும் பிரஷரும் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திய ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். என் மனைவி உலுக்கி எழுப்பினாள்.

"ஏனுங்க, குறட்டை பொசுக்குனு நின்னுபோச்சுங்க! மூச்சே வரலீங்க!"

"கனவு கண்டிருப்ப அம்மணி, போ!" என்று எரிந்து விழுந்தேன்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. தறி ஓடினால் மூச்சு கேட்காதே! என் நெஞ்சில் கையை வைத்தபடி விழித்தே கிடப்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பீளமேட்டு டாக்டரிடம் போனேன்.

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறதாம். பிரஷர் ஏறுவதற்கும் சர்க்கரை அடங்காததற்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். மூக்கில் மாட்டிக் காற்று ஊதும் மெஷின் ஒன்றைக் கொடுத்தார். முதலில் எரிச்சலாக வந்தது. பழகிய பிறகு ஒரு காலை எழுந்தேன் பாருங்கள், அடேயப்பா! தலையில் பாரமே இல்லை. காப்பி குடிக்கும் முன்பே தறிக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டேன்!

சில மாதம் கழித்துப் பரிசோதித்தார்கள். பிரஷர் இறங்கி, ஒரு மாத்திரை குறைந்தது. சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. எடையோ ஒரு கிலோ கூடியிருந்தது! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க டாக்டர், மெஷினு வெச்சும் எடை குறையலீங்களே?"

"மெஷினு மூச்சுக்குத்தானுங்க. சோத்த நீங்கதான் கொறைக்கோணும். இப்பத்தான் தெம்பு வந்துருச்சே, நடங்க!"

சிரித்துவிட்டேன். மறுநாளே நடக்க ஆரம்பித்தேன்.

போன மாதம் மறுபடி கரண்ட் நின்றது. மெஷினை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டுப் படுத்தேன். விழித்தபோது ஊரே அமைதியாக இருந்தது. என் நெஞ்சில் இருந்த அவள் கை நழுவிப் பாயில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் விழித்துவிடக் கூடாதே என்று, கரண்ட் வந்த பிறகும் தறியை ஓட்டப் போகாமல் அன்று வெகுநேரம் நான் அசையவே இல்லை.