யோசனை சொல்லக் கூடாத வேலை

கேள்வியக்காவுக்கு வாய்த்த வேலையைக் கேட்டு அவள் கணவர் வயிறு குலுங்கச் சிரித்ததில் நியாயம் இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம்கூட, "குடையை அப்படிப் பிடிக்காதீங்க, முதுகெல்லாம் நனையுது" என்று சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. அப்படிப்பட்டவளுக்கு, யாருக்கும் எந்த யோசனையும் சொல்லக் கூடாத வேலை.

அரசு உதவித்தொகையில் பிழைக்கும் குடும்பங்களை வேலைக்கு அனுப்ப ஒரு திட்டம் வந்திருந்தது. குலுக்கலில் பெயர் விழுந்த வீட்டுக்கு வேலை தேடித் தர ஒரு துணையாளர், குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகத்தில் இடம். விழாத வீட்டுக்கு வழக்கமான உதவித்தொகை மட்டும். திட்டத்தால் உண்மையிலேயே பலன் உண்டா என்று பார்க்க, இரண்டு வகை வீடுகளிலும் ஒரே கேள்விகளைக் கேட்டு வருவார்கள். அக்கா கேள்வியை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும், பதிலைக் கையிலிருக்கும் டேப் கணினியில் தட்ட வேண்டும், எழுந்து வந்துவிட வேண்டும். உதவி கிடைக்காத வீட்டில் கேள்வி கேட்கப் போனவளே உதவி செய்துவிட்டால், பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு விதியைக் காப்பாற்றினாள். சொல்லாமல் விழுங்கியதெல்லாம் சாயங்காலம் வீட்டில் கொட்டும். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான கணவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே தொலைக்காட்சியை அணைத்துவிடுவார்.

"இன்னைக்கு எத்தனை வீடும்மா?"

"மூணு."

"அப்ப மூணு வீட்டு அறிவுரையும் எனக்குத்தான். ஆரம்பி."

அவளை அதிகம் சோதித்தது மூன்றாம் மாடியில் இருந்த இரட்டையம்மாவின் வீடு. குலுக்கலில் விழாத வீடு அது. ஒரே அறை. இரட்டைக் குழந்தைகள் தூங்கும் கட்டிலைத் தண்ணீர் கசியும் ஜன்னலுக்கு நேர் கீழே போட்டிருந்தாள். குழந்தைகளுக்கு எப்போதும் சளி. அந்தக் கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளச் சொல்ல அக்காவுக்கு நாக்கு துடிக்கும். டேப்பையே பார்த்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் அக்கா போய்க் கதவைத் தட்டியபோது இரட்டையம்மா ஒரு காலில் செருப்போடு திறந்தாள். கண் சிவந்திருந்தது. மருத்துவமனைச் சமையற்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள், உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன எதிர்வீட்டுக்காரி காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷத்தில் டேப்பைத் திறந்து, "கடந்த மாதத்தில் நீங்கள் வேலை தேடினீர்களா?" என்று படித்தாள்.

"இந்த நிமிஷம் தேடிட்டுதான்கா இருக்கேன். நீங்க வழியை விட்டா, போய்க் கேட்டுட்டு வந்து பதில் சொல்றேன். இதுங்க ரெண்டையும் எங்க விட்டுட்டுப் போறதுன்னுதான் தெரியலை."

அக்கா டேப்பை மூடிப் பையில் போட்டாள். "போ."

"அக்கா?"

"போடின்னா! அந்த இன்னொரு செருப்பையும் மாட்டிட்டு ஓடு."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் உட்கார்ந்தாள். ஒன்று தூங்கினால் மற்றது அழுதது. மற்றது தூங்கினால் முதலாவது அக்காவின் மூக்குக்கண்ணாடியைத் தின்னப் பார்த்தது. இடையில் கட்டிலை எதிர்ச்சுவருக்குத் தள்ளினாள். இரட்டையம்மா படியேறி வரும் சத்தம் கேட்டதும் அவசரமாக ஜன்னலடிக்கே இழுத்துவிட்டாள். விதியை ஒரேயடியாக மீறிவிடக் கூடாது அல்லவா?

வேலை கிடைத்துவிட்டது. பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, இரவுக் காவல் வேலை செய்யும் அவள் தம்பி ஒத்துக்கொண்டான்.

அடுத்த முறை போனபோது அந்தக் கேள்வி வந்தது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இந்த வேலை கிடைக்க யாராவது உங்களுக்கு உதவினார்களா?"

இரட்டையம்மா கண்ணைச் சிமிட்டினாள். "யாருமே இல்லைன்னு போடுங்க. உங்களை நான் காட்டிக்கொடுப்பேனா?"

சொல்லும் பதிலைப் பதிவதுதான் அக்காவின் வேலை. விரலும் போனது. ஆனால் தட்டவில்லை. யாரும் உதவாமலே இரட்டைக் குழந்தைக்காரிக்கு வேலை கிடைத்தது என்று இந்த டேப் சொல்லும். இதைப் படிக்கிறவர்கள், காப்பகம் எதற்கு, துணையாளர் எதற்கு, தானாகவே கிடைக்கிறதே என்பார்கள். இரட்டையம்மாவுக்கு அன்று வேண்டியிருந்தது குழந்தைகளை ஏந்திக்கொள்ள இரண்டு கைகள். அதைத்தான் இல்லை என்று அக்கா எழுதப் போகிறாள்.

"நீ பொய் சொல்லாதடி. நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து வந்தாள்.

அலுவலகத்தில் ஆய்வை நடத்தும் இளம்பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! மத்த வீடுகள்ல?"

"சத்தியமா ஒரு வார்த்தை பேசினதில்லை. வேணும்னா எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. பாதிக்கப்பட்டவர் அவர்தான்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அந்த வீட்டை ஆய்விலிருந்து எடுத்துடணும். உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். இன்னொரு தடவைன்னா வேலை இருக்காது. ஆய்வுக்காக இனி அந்த வீட்டுப் பக்கம் போகாதீங்க."

"ஆய்வுக்காகப் போகக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஏன்?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா கணவரையும் இழுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். கையில் டேப் இல்லை. இரட்டையம்மா கதவைத் திறந்ததுதான் தாமதம், "முதல்ல அந்தக் கட்டிலை ஜன்னலடியிலருந்து இழு. பிள்ளைங்களுக்குச் சளி பிடிக்காம என்ன செய்யும்? பால் புட்டியைத் தரையிலயா வைப்பாங்க? உன் தம்பி என்ன, பகல் முழுக்கக் கண் முழிச்சா ராத்திரி காவல் காப்பானா, தூங்குவானா? சனிக்கிழமையில நான் வந்து பாத்துக்கறேன், அவனைப் படுக்கச் சொல்லு…" என்று தொடங்கியவள் மூச்சுவிடவில்லை.

இரட்டையம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "என்னக்கா இது! இத்தனை நாளா நான் உங்களை ரொம்ப அமைதியான ஆளுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்?"

"யாரு, இவளா?" என்றார் கணவர். கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தவர் சிரித்த சிரிப்பில், அது எதிர்ச்சுவருக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.