கீழ்த்தள அறை

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மதியத்துக்குள் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கடிதம் போயாக வேண்டும். மின்னஞ்சலில்தான். எங்கே போகலாம், எங்கே தங்கலாம், எந்த விடுதியில் வெந்நீர் வராது என்று ஊர் சுற்றுகிறவர்களுக்கு எழுதுவது. எழுதுகிறவள் என் ஓரகத்தி. வருகிற பதில்களைப் படிப்பவள் நான். வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு ‘அன்புள்ள வாசகருக்கு’ என்று தட்டுவேன். அந்த வெள்ளிக்கிழமை காலையில் வந்ததைப் படித்தபோது எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

‘நாளைக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு ஏரிக்கரை விடுதிக்குக் கிளம்புகிறோம்’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். ‘பக்கவாதம் வந்ததிலிருந்து வாசலைத் தாண்டமாட்டேன் என்றிருந்தவர், நீங்கள் போட்ட படத்தைப் பார்த்துத்தான் சரி என்றார். ஒரு படிகூட ஏற வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது விடுதியில் கேட்டால் மூன்றாவது மாடி என்கிறார்கள். லிஃப்ட் கிடையாதாம். நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனா?’

ஏரிக்கரை விடுதி என் அண்ணனுடையது. கடிதத்துக்கு விளம்பரம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நழுவிய நேரத்தில், நான்தான் அண்ணனிடம் போய் நின்றேன். ஒரு வருஷத்துக்குத் தருகிறேன் என்றார். எங்கள் இரண்டு பேரையும் வரச்சொல்லித் தங்கவும் வைத்தார். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். வாசலிலிருந்து கட்டில்வரை சமதளம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் எழுதினாள். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினாள், ஆனால் பார்க்கக் கொடுத்தது அந்த ஒரு அறை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் அவளுக்கு டிக்கெட் என்று பெயர். டிராவல்ஸ் கவுன்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவள். தான் எங்கும் போனதில்லை. பஸ் ஏறினாலே வயிறு புரட்டும். கம்பெனியை மூடிய பிறகும் பழைய வாடிக்கையாளர்கள் போன் செய்து, எங்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிப்போய்த்தான் எழுத ஆரம்பித்தாள். இன்றைக்கும் பாலிதீன் பையைக் கையில் பிடித்துக்கொண்டேதான் பஸ் ஏறுவாள். ஊர் சுற்றி எழுதுகிற இப்படி ஓர் ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவளுக்கு ஒரு பிடிவாதம். யார் பணம் கொடுத்தார்கள், எது ஓசியில் வந்தது என்று கடிதத்தின் தலையிலேயே போட்டுவிடுவாள். ஒரு சூட்கேஸ் கம்பெனிக்காரர் பெட்டி கொடுத்தார். ‘பெட்டி இலவசம். சக்கரம் ஊர் போய்ச் சேர்வதற்குள் கழன்றுவிட்டது’ என்று எழுதினாள். அடுத்த வாரம் கம்பெனியும் கழன்றுகொண்டது. அண்ணன் விஷயத்திலும் விளம்பரம் என்று போட்டாள். உறவை மட்டும் போடவில்லை. ‘என் பிறந்த வீட்டை எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லணும்’ என்று நான் ஒரு பாட்டம் கத்தியிருந்தேன்.

அந்த மின்னஞ்சலைப் படித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, முதல்ல அண்ணனுக்குப் போன் போடுங்க. நாம தங்கின ரூமை இவங்களுக்குக் குடுத்துட்டா முடிஞ்சுது.”

போட்டேன். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அது புக்கிங்குக்குப் போற ரூம் இல்லம்மா,” என்றார் அண்ணன். “நாளைக்கு வீடியோ எடுக்கறவர் ஒருத்தர் வர்றார். அவருக்கு வச்சிருக்கேன்.”

“அவர் போனப்புறம்?”

“இன்னொருத்தர் வருவார். காட்டறதுக்குன்னு ஒரு ரூம் வேண்டாமா? தொழில்னா அப்படித்தான்.”

“மத்த ரூமெல்லாம்?”

“மாடியில இருக்கு. காத்து நல்லா வரும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப எங்களையும் காட்டறதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?”

அவர் சிரித்தார். “உன்னை மாடியேத்திக் கஷ்டப்படுத்துவேனா? தங்கச்சிக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்? அந்தப் பொண்ணுக்கு மட்டும் தனியா எழுதிடு. கட்டின பணத்தை நான் திருப்பிக் குடுத்துடறேன். மத்தவங்ககிட்ட எதுக்கு இந்தப் பேச்சு?”

அவர் அந்த அறையை எங்களுக்குக் கொடுத்தது பாசமா வியாபாரமா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்ன யோசனை அப்போது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. உடனே அந்தப் பெண்ணுக்கு எழுதினோம். பதிலும் உடனே வந்தது. ‘ரத்து செய்துவிட்டேன். அப்பா நேற்றே நல்ல சட்டையை இஸ்திரி போட வைத்துவிட்டார். அவரிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.’

“நல்லவேளை, தப்பிச்சோம்,” என்றேன்.

“யாருக்கா தப்பிச்சது? இவங்க கேட்டு எழுதினாங்க. கேக்காம கிளம்பிப் போறவங்க எத்தனை பேரோ, நமக்கு எப்படித் தெரியும்?”

“அதுக்கு?”

“இன்னைக்குக் கடிதத்துல எல்லாருக்கும் சொல்லிடணும்.”

“சொல்லு. எங்கண்ணன் மூஞ்சில கரியைப் பூசு. அப்புறம் நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவர் வீட்டுக்குப் போறது? அப்பா அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தான்.”

அவள் பேசாமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது. சண்டைக்கு வந்தாலாவது ஒரு கை பார்க்கலாம். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை டமால் டுமால் என்று வைத்தேன். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த என் வீட்டுக்காரர், “உங்க அண்ணன் விஷயம், நான் வாயைத் திறக்கல” என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மனசு கேட்கவில்லை. மறுபடியும் அண்ணனைக் கூப்பிட்டேன். “அண்ணா, அவ எழுதத்தான் போறா.”

“எழுதட்டும். அவ யாரோ, நான் யாரோ. மாடி இருக்குன்னு எழுதினா நாலு பேர் வரமாட்டாங்க, போகட்டும். ஆனா நீ என் தங்கச்சின்னு அதுல வந்தா, கூடப்பொறந்தவளை வச்சு ஊரை ஏமாத்தினவன்னு என்னைச் சொல்வாங்க. அப்படி ஒரு வரி வந்துச்சுன்னா எனக்குத் தங்கச்சி இல்லைன்னு நெனச்சுக்கறேன்.”

நான் கூடத்துக்குத் திரும்பி வந்தபோது அவள் எழுதி முடித்திருந்தாள். படிக்கச் சொல்லி நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

‘ஏரிக்கரை விடுதியில் எங்களுக்குக் கொடுத்தது, கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரே அறை. எங்களைப் போல எழுத வருகிறவர்களுக்கும் படம் எடுக்க வருகிறவர்களுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். பணம் கட்டி வருகிறவர்களுக்கு மாடியில்தான் அறை. லிஃப்ட் இல்லை. நான் மாடி ஏறிப் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும். படி ஏற முடியாதவர்கள் யாராவது என்னை நம்பிப் பதிவு செய்திருந்தால் இன்றே ரத்து செய்துவிடுங்கள். விளம்பரத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம்.’

அதற்குக் கீழே ஒரு வரி அளவுக்கு வெற்றிடம். அப்புறம் வழக்கம்போல ‘அன்புடன்’.

“நடுவுல ஏன் இடம் விட்டிருக்கே?”

“அது நீங்க சொல்ல வேண்டியது அக்கா. வேண்டாம்னா சேத்து மூடிடலாம்.” சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காராமல் நின்றவர் என் அண்ணன். அந்த வரி இல்லாமலே கடிதம் போகலாம், பாதகமில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரமோ அடுத்த மாசமோ எவராவது கண்டுபிடித்துக் கேட்பார்கள். ‘உறவுக்காரர் என்றுதான் மாடியைப் பார்க்காமலே எழுதினீர்களா?’ என்று கேட்பார்கள். அதற்குப் பதில் எழுத வேண்டியவள் நான். ஆமாம் என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. மாடிப்படி என் கண்ணில் பட்டிருந்தால்கூட, அண்ணன் வீட்டில் குற்றம் கண்டுபிடிக்கவா வந்தோம் என்று அவளை ஏறவிட்டிருக்க மாட்டேன்.

உட்கார்ந்து, அவள் சொல்வதுபோலவே தட்டினேன். ‘இந்த விடுதியின் உரிமையாளர் என் ஓரகத்தியின் அண்ணன். அதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.’ அவள் டம்ளரைக் கழுவி வைக்கும் சத்தம் கேட்டது. அவள் வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.

சாப்பிட உட்காருமுன் போன் வந்தது.

“யாரு போட்டது அந்த வரியை?”

“நான்தான்.”

“அவ சொல்லிக் குடுத்தாளா?”

“இல்லண்ணா. நானே போட்டேன், நானே அனுப்பினேன்.”

“நல்லா இரு,” என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். மணி அடிக்கவேயில்லை. என் நம்பரைத் தடுத்துவிட்டார் என்று புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதேன்.

டிக்கெட் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேனே அக்கா. பழி என்னோட போயிருக்கும். நீங்க ஏன் உங்க கையால…”

“நீ போட்டிருந்தா, எங்கண்ணனை என்கிட்டேருந்து பிரிச்சவ நீதான்னு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியாதா? அண்ணனும் போய், நீயும் போய், இந்த வீட்டுல நான் யாரோட இருக்கறது?”

அவள் நகர்ந்து வந்து என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.