உப்புக்கு வாசனை இல்லை

பீர்த் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் ருசி பார்க்கும் வேலை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். "குடிக்கிறதுக்குச் சம்பளமா? கொடுத்து வச்சவன்யா நீ" என்பார்கள். அந்த வேலையில் நான் எப்படிப் பயந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. பார்க்காத ருசியைப் பார்த்ததாக ஏழு தாளில் கையெழுத்துப் போட்டேன். ஏழாவது தாள் இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை. இப்போது ஆய்வகத்தில் சேருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வேலையிடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் கிரியோல், எங்கள் தீவின் பேச்சு மொழி. இங்கே தமிழில் போட்டிருக்கிறேன். என் கோயில் பள்ளித் தமிழைத் திருத்திக் கொடுத்தவர் மருமகன். மதுரையிலிருந்து வந்த ஆசிரியர். முதல் பக்கத்தைப் பார்த்து அவர் விட்ட பெருமூச்சு எங்கள் ஊர் ரோஸ் ஹில் முழுக்கக் கேட்டிருக்கும்.

1. துப்பக் கூடாது

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி நான் ஆய்வக உதவியாளன். குழாய் கழுவுவேன், சர்க்கரை அளவு பார்ப்பேன், சொன்னதைக் குறிப்பேன். பீர் காய்ச்சுவதற்கெல்லாம் தலைவரான எங்கள் புரூமாஸ்டர் லிந்த்னர், பவேரியாக்காரர். எல்லோருக்கும் அவர் 'மிசியே', அதாவது ஐயா. புளித்துக்கொண்டிருந்த ஒரு தொட்டியைத் தாண்டிப் போகும்போது நான் ஏதோ கெட்ட வாசனை என்று சொல்ல, அது சரியாக இருந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு என் மூக்கின்மேல் ஒரு கண்.

என்னை ருசி மேஜையில் உட்கார வைக்கப் போவதாக அவர் மேனேஜரிடம் சொன்னபோது, நான் கிளாஸ் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

"மத்ராஸ் பையனையா?" என்றார் மேனேஜர். எங்கள் ஜனத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "அவங்களுக்கு எப்பப் பார்த்தாலும் விரதம். அந்த நாள்ல வாயை மூடிக்கிட்டு உட்காருவான். அப்புறம் யாரு ருசி பாக்கிறது?"

"அவன் ஒரு நாள் அப்படி உட்கார்ந்தா, அன்னைக்கே எடுத்திடறேன்" என்றார் மிசியே.

அது எனக்காகப் பேசியது. ஆனால் என் காதில் எச்சரிக்கையாக விழுந்தது. மேஜையில் மூன்று பேர்: மிசியே, பாதாள அறைத் தொட்டிகளைக் கவனிக்கும் மேஸ்திரி கஸ்தோன், நான். கஸ்தோனுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மாமா முறைக்கு எங்கள் ஊரில் 'தோந்தோன்' என்போம். அவரை நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

மிசியே தன் ஊர்க் கருப்பு பீரை வைத்துத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். டுங்கல் என்று அதற்குப் பெயர். கம்பெனி விற்றதெல்லாம் வெள்ளை பீர். இவர் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு சின்னத் தொட்டிக்கு அனுமதி வாங்கியிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் சிவப்புத் தெரிய வேண்டும், முழுக் கருப்பாக இருந்தால் தப்பு. நுரை பழுப்பேறிய வெள்ளை. மூக்கில் ரொட்டியின் மேல்தோல் வர வேண்டும், விறகடுப்பில் நன்றாகச் சிவந்த ரொட்டி. கருகிய காபி வந்தால் மால்ட்டை, அந்த முளைகட்டிய பார்லியை, யாரோ தீய்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். வாயில் இனிப்பு மாதிரி தொடங்கி, இனிக்காமல் முடிய வேண்டும்.

முதல் நாள் நான் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு வாளியில் துப்பப் போனேன். மிசியே என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"துப்பறது வைன்காரன் வேலை. நீ முழுங்கு. பீரோட கசப்பு அடித்தொண்டையிலதான் உட்காரும். முழுங்காம எழுதினா அது பாதித் தாள்."

2. பத்து நாள்

அந்த வருஷம் குளிர்காலத்தில் என் மகள் வள்ளிக்கு டைபாய்டு. நாலு வயசு. இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு சாயங்காலம் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போனார். சாந்த் குருவா முருகன் கோயிலில் போய் விழுந்தேன். பிழைத்து எழுந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன், பத்து நாளும் கவிச்சியோ மதுவோ உதட்டில் படாது என்று சொன்னேன். வள்ளி பிழைத்தாள்.

கொடி ஏறியது வெள்ளிக்கிழமை. காவடி அடுத்த ஞாயிறு. கொடி ஏறிய அன்று தொடங்கி அடுத்த வெள்ளி வரை ஏழு வேலை நாள், ஏழு நாளும் ருசி மேஜை.

மிசியேயிடம் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு எழுத எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அன்று வாய் வரவில்லை. மேனேஜர் சொன்னதும் மிசியே பதில் சொன்னதும் காதிலேயே இருந்தன. வேலை போனால் மறுபடி குழாய் கழுவ வேண்டும். விரதம் போனால் வள்ளி. அதை முழுதாக நினைக்கக்கூடத் தைரியம் இல்லை.

ஆகவே நடித்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கிளாஸைச் சாய்த்து, தொண்டையை மட்டும் அசைப்பேன். மற்ற இருவரும் தாளில் குனிந்திருக்கும்போது கிளாஸில் இருந்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிடுவேன். மூக்கு சொன்னதை எழுதி, வாய்க்கும் தொண்டைக்குமான கட்டங்களில் முந்தின வாரத்துத் தாளிலிருந்து நிரப்புவேன். பேசாமல் தனித்தனியாக எழுதுவதுதான் எங்கள் முறை. நடுவாந்திரமாக மார்க் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

திங்கட்கிழமை வெள்ளை பீரோடு கருப்புத் தொட்டியையும் அதே தாளில் பார்த்தோம். மிசியேயும் தோந்தோனும் விழுங்கிவிட்டு நல்ல மார்க் போட்டார்கள். கடைசிச் சோதனை, பாட்டிலில் அடைக்கும் அன்று காலை. அது வெள்ளிக்கிழமை. மிசியே மால்ட் இறக்கத் துறைமுகம் போயிருந்தார். தோந்தோனுக்கு மறுநாள் மகள் கல்யாணம், லீவு. அந்தத் தொட்டி முழுவதையும் மிசியே கல்யாணப் பரிசாக அவருக்குத்தான் தருவதாகச் சொல்லியிருந்தார். சோதிக்க நான் ஒருவன்தான்.

அறையில் யாருமே இல்லை. நடிக்கக்கூடத் தேவையில்லை. வெளிச்சத்தில் பிடித்தேன், சிவப்பு இருந்தது. முகர்ந்தேன், சிவந்த ரொட்டி, கொஞ்சம் வறுத்த கொட்டை, குறையே இல்லை. தாளில் எழுதினேன்: "தொண்டையில் சுத்தம். பின்கசப்பு மென்மை." கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் எட்டுப் பெட்டியும் வேனில், போர்ட் லூயிஸில் தோந்தோன் குடியிருக்கும் டிராங்கெபார் பேட்டைக்குப் போயின. பரிசுச் சரக்கு என்பதால் ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில்கூட எடுத்து வைக்கவில்லை. தொட்டியையும் கழுவிவிட்டார்கள்.

3. இரண்டு வாளி

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒன்பது மணி வாக்கில் குளிர் எந்திர அறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வேலு, லாசோமிர் ரெண்டு வாளி குறைஞ்சிருக்கு. எல்லாக் குழாயும் பார்த்துட்டேன். வெளியே ஒரு சொட்டு ஒழுகல."

லாசோமிர் என்பது உப்புக் கரைசல். அதைக் குளிரவைத்துக் குழாயில் ஓட்டித்தான் தொட்டிகளைக் குளிர்ச்சியாக வைப்போம். குழாய் துருப்பிடிக்காமல் இருக்க அதில் ஒரு மஞ்சள் உப்பும் கலப்போம். அது வருகிற டப்பாவில் மண்டையோடு படம் போட்டிருக்கும்.

மற்றத் தொட்டிகளுக்குக் குளிர்க்குழாய் வெளியே சுற்றியிருக்கும். கருப்பு பீர் போட்ட பழைய சின்னத் தொட்டிக்கு மட்டும் உள்ளே.

ஓடிப்போய் அதற்குள் தலையை விட்டு டார்ச் அடித்தேன். குழாய் வளைவில் குண்டூசி அளவு ஓட்டை. கழுவிய பிறகும் அதிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு வழிந்திருந்தது. கருப்பு பீரில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. உப்புக்கு வாசனை இல்லை. நாக்கு ஒன்றுதான் கண்டுபிடித்திருக்க முடியும். அந்த நாக்கை நான் பூட்டி வைத்திருந்தேன்.

டார்ச்சை அங்கேயே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

4. டிராங்கெபார்

கல்யாண வீட்டுக்குப் போன் கிடையாது. பஸ் பிடித்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் காய்கறிக் கூடைக்காரிகளோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். இந்நேரம் சர்ச்சில் பூசை முடிந்திருக்கும், இந்நேரம் பாட்டில் திறந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே நகத்தைக் கடித்தேன். போர்ட் லூயிஸில் இறங்கி ஓடினேன்.

மூங்கிலும் ஓலையும் கட்டிய பந்தல். நூறு பேராவது இருப்பார்கள். பேண்டு வாத்தியம். நடுவில் தோந்தோன் கஸ்தோன், கோட்டும் பூவுமாக. பக்கத்தில் மிசியே. அவர் கையில் கருப்பு பீர் பாட்டில், மூடி திறந்தாயிற்று. மேஜை முழுக்கக் கிளாஸ்.

"ஊத்தாதீங்க!" என்று கத்தினேன். வாத்தியம் நின்றுவிட்டது.

குழாய் விஷயத்தை மூச்சிரைக்கச் சொன்னேன். மிசியேயின் முகம் வெளுத்தது. "நேத்து நீதானே பார்த்தே?"

"பார்க்கல, மிசியே."

"கையெழுத்து இருக்கே."

"முழுங்கல. உதட்டுலகூட வைக்கல. எனக்கு விரதம். நாளைக்குக் காவடி."

தோந்தோன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டே. இன்னைக்கு விஷம்ங்கிறே. என் பொண்ணு கல்யாணத்துல, இத்தனை பேர் முன்னால! எந்த வேலுவை நான் நம்பறது?" பாட்டிலைப் பிடுங்கி ஒரு கிளாஸில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். நான் தடுப்பதற்குள் விழுங்கியும் விட்டார். "நல்லாத்தான் இருக்கு."

மிசியே ஒரு வாய் விழுங்கினார். கண்ணை மூடி நின்றார். பிறகு தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியல. ரெண்டு ரம் போட்டேன், தட்டு நிறைய மிளகாய் வடை தின்னேன். எங்க ரெண்டு பேர் நாக்கும் செத்துப்போச்சு." என்னைப் பார்த்தார். "இந்தப் பந்தல்ல சுத்தமான நாக்கு உன்னோடதுதான்."

கிளாஸை நீட்டினார். அவர் கட்டாயப்படுத்தவில்லை. நீட்டியபடி காத்திருந்தார்.

வள்ளியின் முகம்தான் முன்னால் வந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த முகம். முருகா, என்னை என்ன வேண்டுமானாலும் செய், அவளை விட்டுவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு விழுங்கினேன்.

ரொட்டித் தோல் வந்தது. மெல்லிய இனிப்பு வந்தது. ஒன்பது நாள் காய்ந்த வாய்க்கு அது நன்றாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு, எல்லாம் இறங்கிய பிறகு, அடித்தொண்டையில் ஒரு கரிப்பு. கடல் தண்ணீர் குடித்துவிட்ட மாதிரி. அதன் பின்னால் இரும்பு நக்கியது போல ஒரு கசப்பு.

"உப்பு" என்றேன்.

மிசியே வாயைக் கொப்பளித்தார், வெறும் ரொட்டி தின்றார், கால் மணி நேரம் வேறெதையும் வாயில் வைக்காமல் இருந்தார். மறுபடி ஒரு வாய். "உப்பு" என்றார்.

அப்போதுதான் உள்ளிருந்து மணப்பெண்ணின் அம்மா ஓடி வந்தாள். தோந்தோனின் தம்பி காலையிலேயே திருட்டுத்தனமாக மூன்று பாட்டில் காலி செய்திருக்கிறார். பின்கட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து எல்லோரும் ரம் என்று கேலி செய்திருக்கிறார்கள். மிசியேயின் காரில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மடியில் அவர் தலை. வழியெல்லாம் அவர் மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். தோந்தோன் அதற்குப் பிறகும் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

5. திங்கட்கிழமையும் அதற்குப் பிறகும்

வீட்டில் என் மனைவி சரோஜா எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. தூங்குகிற வள்ளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நானும் பத்து நாள் விரதம்தானே. காவடியை நான் எடுக்கறேன். நீங்க பின்னால வாங்க" என்றாள். மறுநாள் வெயிலில் அவள் தோளில் காவடி போனது. நான் வெறுங்காலோடு பின்னால் நடந்தேன். வள்ளி இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவளுக்குத் தும்மல் வந்தாலும் எனக்கு அந்த ஒரு வாய் ஞாபகம் வரும்.

திங்கட்கிழமை மேனேஜர், "நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார். மிசியே அந்த ஆறு நாள் வெள்ளை பீருக்கும் எடுத்து வைத்த பாட்டில்களை வரிசையாக மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் பொய்த் தாள். "இப்ப முழுங்கி எழுது" என்றார். ஆறு பாட்டில். நாலு, பொய்த் தாளோடு ஒத்துப்போயின. ஒன்று தண்ணீராக இருந்தது. ஒன்றில் கசப்பு தொண்டையைச் சுரண்டியது. இரண்டையும் நான் 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தேன். இத்தனை நாள் மாட்டாமல் இருந்தது வெறும் அதிர்ஷ்டம் என்று அப்போது புரிந்தது.

ஆறு மாதம் என்னைக் குழாய் கழுவ அனுப்பினார்கள். நியாயம்தான். மறுபடி மேஜையில் உட்கார்ந்த அன்று மிசியேயிடம் ஒன்று கேட்டேன். தாளின் தலைப்பில் ஒரு கட்டம் வேண்டும், 'இன்று சுவைக்கவில்லை' என்று. கையெழுத்துப் போட்டால் போதும், காரணம் எழுத இடம் வேண்டாம்.

"காரணம் ஏன் வேண்டாம்?"

"என் காரணத்தைச் சொல்லப் பயந்துதானே, மிசியே, நான் பொய் எழுதினேன்."

அவர் பழைய தாளின் தலைப்பில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்தார். புதுத் தாள் அச்சாகி வந்தது. அந்தக் கட்டத்தில் முதலில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். போட்டது மிசியே. அடுத்த வருஷம் காவடிக்கு முன்பே, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டு, கையெழுத்துப் போட்டு, எழுந்து போனார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் அடுத்த முறையும் உண்மையை எழுத வேண்டுமே.