லீவில் வந்த போன்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஸ்டெல்லா கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங்கில் மூன்றாவது மாடிக்காரி. நான் பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதால் எதையும் எழுதிக் கொடுப்பேன் என்பது எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் நம்பிக்கை. தண்ணீர் வரவில்லை என்கிற புகாரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை... எல்லாம் நம் கைவண்ணம்தான்!

இந்த முறை வேலைக்கு விண்ணப்பம். லிஃப்ட் பராமரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் பதினேழு வருஷமாக இருக்கிறாள். முதலாளி கடையைக் கட்டிவிட்டு மகனோடு துபாய் போகிறார். கணவர் சேவியருக்கு முதுகுவலி, ஆட்டோ ஓட்டுவதை நிறுத்தியாகிவிட்டது. குடும்பம் ஓடுவது இவள் சம்பளத்தில். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்குத்தான் இந்தக் காகிதம்.

படித்தேன். திக்கென்றது. பள்ளிக்கூட மார்க், டைப்ரைட்டிங் லோயர், அப்பா பெயர், சொந்த ஊர்... கடைசியில், 'வேலை கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்புத் தந்தால் கடமைப்பட்டிருப்பேன்.'

விசாரித்தால், லிஃப்ட் கம்பெனியில் சேரும்போது கொடுத்த அதே விண்ணப்பம்! வயதை மட்டும் மாற்றியிருக்கிறாள். அதற்கப்புறம் போன காலத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே வரி — 'ஆபீஸ் அசிஸ்டென்ட், இன்று வரை.'

"தெனமும் அதே வேலைதானக்கா. அதுல எழுத என்ன இருக்கு?" என்றாள்.

எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. காலையில் போனால் என்னதான் செய்வாய் என்று கேட்டேன். போன் எடுப்பாளாம், எல்லாத்தையும் பார்த்துக்கொள்வாளாம். சேவியரைக் கேட்டேன். ஆபீஸ் வேலை என்றார். மகளைக் கேட்டேன். மம்மி லிஃப்ட்வாலா ஆபீஸில் இருப்பதாக ஹிந்தியில் சொல்லிவிட்டு மொபைலுக்குள் போய்விட்டாள். இத்தனை வருஷம் இவள் என்ன செய்தாள் என்பது வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் மட்டும் தெரியுமாக்கும்? கேட்டுப் பாருங்கள்...

சட்டென்று ஒன்று தோன்றியது. கடைசியாக எப்போது லீவு போட்டாய்?

மே மாதம். தங்கையின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குத் திருநெல்வேலி போனாளாம். ரயிலில் ஆபீஸிலிருந்து போன் வந்ததா என்றேன்.

"அத ஏன்க்கா கேக்குதிய" என்று சிரித்தாள்.

பூனா தாண்டவில்லை, முதல் போன். கோவண்டியில் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஆள். எந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறான்? சோலாப்பூரில் அடுத்தது. மாட்டுங்காவில் ஒரு சொசைட்டி செக்ரட்டரி கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டேன் என்று கத்துகிறார், எப்படிச் சமாளிப்பது? ராய்ச்சூர் வருவதற்குள் ஒரு மெக்கானிக்கே கூப்பிட்டு, ஆபீஸில் யார் சொன்னாலும் போகமாட்டேன், நீங்கள் சொன்னால் போகிறேன் என்று முறுக்கினானாம். ஊர் போய்ச் சேர்வதற்குள் மூன்றையும் முடித்துவிட்டாள்.

நான் லீவில் போனால் பத்திரிகையிலிருந்து ஒரு ஈ காக்கா கூப்பிடாது. அது வேறு விஷயம்.

"ஸ்டெல்லா, இதெல்லாம் யார் வேலை?"

"என் வேலைதான்... இல்லக்கா?"

அப்புறம் என்ன? அந்த மூன்று போனையும் அப்படியே எழுதினோம். என்ன சிக்கல், இவள் என்ன செய்தாள், எப்படி முடிந்தது. பள்ளிக்கூட மார்க்கைத் தூக்கிவிட்டோம். 'கடமைப்பட்டிருப்பேன்' போயே போச்சு!

போன வாரம் இன்டர்வியூ. முடிந்ததும் நேரே என்னிடம்தான் வந்தாள். மேனேஜருக்கு விண்ணப்பம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். ரயிலில் உட்கார்ந்தே இவ்வளவும் செய்தீர்களா, அப்படியென்றால் நீங்கள் லீவில் போனாலும் எங்களுக்குக் கவலையில்லை என்று சிலாகித்தாராம்.

எனக்குச் சுருக்கென்றது. அடடா, நாமே இவளை மாட்டிவிட்டோமே! நீ என்ன சொன்னாய் என்றேன்.

"லீவுல போன் எடுக்குற வேலைய பழைய ஆபீஸ்லயே விட்டுட்டு வாரேன் சார்னு சொல்லிட்டேன்க்கா."

பழைய முதலாளியிடம் ஒரு நாள்கூட 'நஹி' சொல்லாதவள்! வந்த வேலையும் போச்சு என்று தலையில் கை வைத்தேன். இனி சேவியருக்கு மருந்து? மகளின் காலேஜ் ஃபீஸ்?

மேனேஜரோ சிரித்துவிட்டு, ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னாராம்.

அந்த விண்ணப்பத்திலேயே பலமான வரி, அவள் வாயால் சொன்ன அதுதான். அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை.