நாத்தம் இல்லாத இடம்

எங்கள் குடியிருப்பில் மனை வாங்க வருபவர்களிடம் புரோக்கர் முதலில் சொல்வது ஒன்றுதான்: "இங்க நாத்தம் இல்ல சார்." தண்ணீர் வருமா, பட்டா சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஆம்பூர்ப் பக்கம் பேருந்தில் போகும் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடங்களில் நாங்கள் குடும்பம் நடத்துகிறோம். காலையில் கதவைத் திறந்ததும் மற்ற ஊர்களில் வானத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் மூச்சை இழுத்துப் பார்ப்போம். நாத்தம் ஜாஸ்தி, நாத்தம் கம்மி. கம்மி என்றால் அன்று நல்ல நாள், துணியை மொட்டை மாடியில் காயப்போடலாம், சம்பந்தி வீட்டாரை வரச்சொல்லலாம்.

நான் தோல் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பச்சைத் தோல் உள்ளே வந்து பதமாகி வெளியே போகும்வரை எந்த இடத்தில் மனிதன் எப்படிச் சாகலாம் என்பதை எழுதி ஒட்டுவது என் வேலை. ஒட்டியதைப் படிக்கவைப்பது யாருடைய வேலை என்பதைக் கடைசிவரை யாரும் முடிவு செய்யவில்லை.

இந்தத் தகுதியை வைத்துத்தான் குடியிருப்போர் சங்கத்தார் கோடை விடுமுறைக்கு முன் என்னைத் தேடி வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு விதிகள் எழுதித் தரவேண்டும். எழுதித் தந்தேன். உச்சிவெயிலில் விளையாடக்கூடாது. அறிமுகமில்லாதவர் தரும் தின்பண்டம் வாங்கக்கூடாது. அறிமுகமில்லாத இடங்களில் ஒளியக்கூடாது. நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மாட்டினார்கள். அதன் நிழலில் ஆடுகள் படுத்தன. பலகையால் விளைந்த பயன் என்று முதல் வாரத்தில் நான் கண்டது அதுதான்.

பிள்ளைகள் ஐஸ்பாய் விளையாடினார்கள். ஒருவர் கண்ணை மூடி எண்ண, மற்றவர்கள் ஒளிந்துகொள்ளும் ஆட்டம். எதிர் வீட்டுக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் அழைப்போம். செருப்புக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர். "இன்னா சார் இது பேஜாரு. ஐஸ்பாய், ஐஸ்பாய்னு நாள் பூரா கத்துதுங்க. என்னத்தான் கூப்புடுதுங்கன்னு நானும் எழுந்து எழுந்து பாக்குறேன்" என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

"போய் ஒருதரம் அவுட் ஆயிட்டு வாங்களேன் பாய்" என்றாள் என் மனைவி.

அது கத்திரி வெயில் காலம். மதியமானால் தெருவில் நாய்கூட இருக்காது. நிழல்கள் பொருட்களின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கதவுகள் எல்லாம் மூடியிருக்க, சுவர்களுக்கு அப்பாலிருந்து ஒரு பிள்ளையின் குரல் மட்டும் எண்ணிக்கொண்டே போகும். எங்கே நின்று எண்ணுகிறது என்று சொல்லமுடியாது. சில சமயம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். எண்ணி முடிந்ததும் ஒரு நிசப்தம் வரும். ஊரில் யாருமே மிச்சமில்லை என்று தோன்றும் நிசப்தம். விளையாட்டுதான் என்று தெரிந்திருந்தும், யாராவது ஒரு பிள்ளை "அவுட்" என்று கத்தும்வரை நான் பேப்பரின் அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எண்ணிய பெண் எங்கள் கேட் அருகே நின்று, பிடிபட்ட இன்னொருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள். பிடிபடாமல் இருந்தது ஒருத்திதான், அடுத்த வீட்டுப் பெண் குழந்தை. அவள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் சூப்பர்வைசர். அப்பா குடியாத்தத்தில் தறி வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவார். அந்த வாரம் வரவில்லை.

"அவ தொட்டிலதான் இருப்பா. அங்கதான் ஒளியப்போறேன்னா" என்றாள் பிடிபட்டவள்.

"ஐயே, அந்தப் பழைய கம்பெனித் தொட்டியா? நாறுமே."

"நாறாதுடீ. ஏணில எறங்கறப்ப மட்டும் நாறும். அப்றம் கொஞ்ச நேரத்துல நாத்தமே தெரியாது. நம்ம வூட்டவிட அங்க கம்மி. தல மட்டும் லேசா வலிக்கும்."

நான் பேப்பரைக் கீழே வைத்தேன்.

இதை விளக்கவேண்டும். தோல் கழிவு தேங்கி அழுகும் தொட்டியில் ஒரு வாயு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம். கொஞ்சமாக இருக்கும்போதுதான் அது நாறும். அதிகமானால் முதலில் மூக்கைக் கொன்றுவிடும். பிறகு நாற்றம் இருக்காது. அதற்கும் பிறகு ஆள் இருக்கமாட்டான். பயிற்சி வகுப்பில் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். பின்வரிசையில் யாராவது கொட்டாவி விடுவார்கள். நாத்தம் கம்மி என்றால் நல்ல இடம் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நாற்றம் நின்றால் ஓடு என்று சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல.

குடியிருப்பின் பின்பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு தோல் தொழிற்சாலை. சுற்றுச்சுவர் இடிந்த இடத்தில் பிள்ளைகளின் கால்தடம் பாதையாகவே ஆகியிருந்தது. அவர்களுக்கு அது அறிமுகமில்லாத இடமே அல்ல. என் விதியை அவர்கள் மீறவும் இல்லை.

மனைவியிடம் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடச் சொன்னேன். "தொட்டிக்குள்ள ஆள், விஷவாயு, மூச்சுக் கருவி வேணும்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாதே" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று சொல்லலாமா தெரியாது.

சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே தொட்டி, தரையோடு தரையாக, கான்கிரீட் மூடி போட்டு இருந்தது. மூடியில் ஒரு சதுரத் திறப்பு. இரும்பு மூடியைப் பழைய இரும்புக்காரர்கள் எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். திறப்பில் ஒரு மூங்கில் ஏணி சாய்ந்திருந்தது. பக்கத்தில் ரப்பர் செருப்பு ஒன்று, சிறியது. முழங்காலிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வெயில் நேர் உச்சியிலிருந்து உள்ளே விழுந்தது. அடியில் காய்ந்த சேற்றின் ஓரத்தில், வெளிச்சம் முடியும் இடத்தில், பழுப்பாக ஏதோ சுருண்டு படுத்திருந்தது. அசைவில்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. குழந்தையின் அம்மா, நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே பாய். அவர்களைப் பார்த்ததும் நான் செய்தது ஒன்றுதான். ஏணியை வெளியே இழுத்தேன்.

"சார், இன்னா பண்றீங்க? எம்பொண்ணு உள்ள இருக்கா சார்!"

"இறங்கக் கூடாதும்மா. இறங்கினா நீங்களும்..."

"ஏணிய வெய்யி சார்!"

வைக்கவில்லை. முள்ளின் மேல் தள்ளி, ஏணி மேலேயே உட்கார்ந்துகொண்டேன். என் வேலைக்காலம் முழுவதும் நான் சொல்லிவந்த இன்னொரு விதி இது. விழுந்தவரை எடுக்க இறங்காதே. முதலில் ஒருவர் விழுவார், அவரை எடுக்க இரண்டாமவர், அவரை எடுக்க மூன்றாமவர். பிணங்களை எடுக்கும்போது இந்த வரிசை அப்படியே தலைகீழாக வரும். இதை வகுப்பில் சொல்லலாம். ஒரு தாயின் முன்னால் ஏணி மேல் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது.

அவர் திறப்பின் ஓரத்தில் குப்புறப் படுத்து உள்ளே கூப்பிட்டார். "பாப்பா!"

தொட்டி பதில் சொன்னது. "பாப்பா" என்றுதான் சொன்னது. ஆனால் மெதுவாக, ஒரு மூச்சு தாமதித்து, அவருடைய குரலைவிட வயதான ஒரு குரலில். எதிரொலி என்று எனக்குத் தெரியும். காலியான தொட்டிகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இருந்தும் நானும் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

"பதில் சொல்றா! கேட்டுச்சா பாய், பதில் சொல்றா!"

"யா அல்லா. சார், நவுருங்க. நான் போறேன். கர்சீப் கட்டிக்கினு போறேன்." பாய் ஏற்கெனவே கைலியை மடித்துக் கட்டிவிட்டார்.

"அது கர்சீப்ப மதிக்காது பாய். அந்தம்மா தலைய மொதல்ல வெளிய இழுங்க. அங்க மூச்சு விடக்கூடாது."

பாய் அவருடைய தோளைப் பிடித்து இழுத்தார். குழந்தையின் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"யோவ், நீ மனுசனாய்யா? உம்பேத்தியா இருந்தா இப்படித்தான் குந்திக்கினு இருப்பியா?"

உள்ளே படுத்திருப்பது அந்தக் குழந்தைதான் என்றுதான் நானும் நினைத்தேன். அதை நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார், பொத்தான்கள் தெறித்தன. அதற்குள் தெருவே வந்துவிட்டது. எல்லாரும் வட்டமாக நின்று அந்தச் சதுர ஓட்டையையே பார்த்தார்கள். யாராவது ஒருவர் கூப்பிடுவார். தொட்டி அதே சொல்லைத் திருப்பிக் கொடுக்கும். பிறகு யாரும் கூப்பிடவில்லை. அந்த அமைதியில்தான் கவனித்தேன், எனக்கு எந்த நாற்றமும் வரவில்லை. எத்தனை நேரமாக வரவில்லை என்று தெரியவில்லை. "எல்லாரும் பின்னாடி போங்க" என்று கத்தினேன். ஒருவரும் நகரவில்லை.

யாரோ என் சட்டைக் கையை இழுத்தார்கள்.

"தாத்தா, யாரத் தேடறீங்க?"

கேட்டது ரகசியக் குரல். ஆட்டம் இன்னும் நடக்கிறது என்று நினைக்கும் பிள்ளையின் குரல். அவள் ஒற்றைச் செருப்போடு என் பக்கத்தில் நின்று, மற்றவர்களைப் போலவே அந்த ஓட்டையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கீழே பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒரு கணம் எனக்கு எழுந்த பயத்தை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள். அவள் கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

அவளுடைய அம்மா முதலில் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கடீ போன?"

"கம்பெனி வாச்மேன் ரூம்ல ஒளிஞ்சினு இருந்தேன்" என்றாள் அழுதுகொண்டே. "தொட்டிலதான் எறங்கப் போனேன். அங்க எனக்கு முன்னாடியே யாரோ ஒளிஞ்சினு இருந்தாங்க. ஒரே எடத்துல ரெண்டு பேரு ஒளியக்கூடாது இல்ல? அதான் வந்துட்டேன்."

கூட்டத்திலிருந்த ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையைத் தேடிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் இருந்தன. "அப்ப உள்ள யாரு சார்?" என்றார் பாய், தொட்டிக்குக் கேட்டுவிடப்போகிறது என்பதுபோலத் தாழ்ந்த குரலில்.

தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் கயிற்றில் இறங்கினார். முதலில் செத்த பழுப்பு நாய் ஒன்று மேலே வந்தது. தெருவில் சில நாட்களாகக் காணோம் என்று நாங்கள் யாரும் கவனிக்காத நாய். அடியில் இன்னும் ஒன்று இருக்கிறது என்று இறங்கியவர் சைகை காட்டினார். அடுத்து வந்தது அதன் குட்டி. முதலில் குட்டி விழுந்திருக்கவேண்டும். அதை எடுக்கத் தாய் குதித்திருக்கிறது. மேலே வந்தபோது வரிசை தலைகீழாக இருந்தது.

குழந்தையின் அம்மா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று பக்கத்தில் நின்றவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவர் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. பண்டிகைக்குப் பலகாரம் வருகிறது, என் மனைவியின் கையில் மட்டும் தருகிறார். "நீங்க சொன்னது கரெக்டுன்னு அவளுக்குத் தெரியுதுங்க" என்றாள் மனைவி. "ஆனா உங்க கை ஏணிய எடுத்த கையாச்சே." அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அந்தக் கையை மறக்கமாட்டேன்.

தொட்டியை மண் கொட்டி மூடிவிட்டார்கள். நீலப் பலகையில் என் விதிகளுக்குக் கீழே யாரோ சாக்பீஸால் ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: ஒரு எடத்துல ரெண்டு பேர் ஒளியக்கூடாது. பலகையில் இருப்பவற்றில் இதுவரை ஒரு உயிரைக் காப்பாற்றியது அந்த விதி மட்டும்தான். சங்கத்தார் அழிக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன்.

இந்தக் கோடையிலும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நேற்று மதியம் மனைவி ஜன்னலைத் திறந்து, "இன்னிக்கு நாத்தமே இல்லங்க" என்றாள் சந்தோஷமாக. வெளியே ஒரு குரல் எண்ணிக்கொண்டிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து, ஏதாவது ஒரு நாற்றம் மூக்கில் ஏறும்வரை, அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.