தறி பிளேடும் என் தாடையும்

இன்று காலை மாமாவுடன் போய் அம்மாபேட்டைக் கடை ஒன்றில் பிளேடு கேட்டேன். இரண்டு பக்கமும் கூர் உள்ள பழைய வகை.

கடைக்காரர் நிமிராமலே கேட்டார்: "தறிக்குங்களா?"

தறிகள் நிறைந்த இந்தப் பக்கம் அதை நூல் அறுக்கத்தான் வாங்குவார்கள்.

"இல்லைங்க, ஷேவிங்குக்கு."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். தாடையில் நேற்றைய கீறல் இரண்டு.

"ஏனுங்க, அஞ்சு பிளேடு வெச்ச ரேசரே வந்துருச்சு. இதைப் போயிக் கட்டிக்கிட்டு அழுவறீங்க?"

மாமா விடுவாரா? "நல்லாச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போகோணும். மூஞ்சியப் பாருங்க!"

அந்த அஞ்சு பிளேடு என் கழுத்து முழுக்கக் கிளப்பிய கொப்புளங்கள் இரண்டு வருடம் சட்டைக் காலரில் உரசி எரிந்தன. கீறல் இரண்டு நாளில் ஆறிவிடும். பழகினால் அதுவும் விழாது.

"ரெண்டு பாக்கெட்டாக் குடுங்க" என்றேன்.

திரும்பும் வழியில் மாமா கொஞ்சம் இறங்கி வந்து ஒரு யோசனை சொன்னார். "சரி, பொண்ணூட்டுல கேட்டா, தறியில நூல் அறுக்கறப்ப பட்டுருச்சுன்னு சொல்லிரு."

பெண் வீட்டாரே நெசவுக் குடும்பம்; இந்தப் பொய் அவர்களிடம் நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இதே பிளேடுதான். கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன்.

தறிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தாடையை வைத்து நூல் அறுப்பது எப்படி என்று என் மாமாவுக்குக் கொஞ்சம் விளக்குங்கள்.